தெருவுக்குத் தெரியாத சுவர்

நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வளவுக்குள் போய் எங்கள் வீட்டின் மேற்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். போன கோடையில் மூத்தவள் பிரெஞ்சில் கேட்டாள்: எங்களுக்கும் தெரியாத, தெருவுக்கும் தெரியாத சுவருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று. அப்போது நான் ஏணியின் உச்சியில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றதால் பதில் சொல்லவில்லை. இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ்தான். பிழை கண்டால் அம்மாவிடம் கேட்டுத் திருத்தி வாசியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையும் குசினியும் உள்ள வாடகை வீட்டில், ஐந்தாம் மாடியில், அப்பா, அம்மா, மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மேசையை மடித்துச் சுவரோடு சாத்தினால்தான் மாமாவுக்குப் பாய் விரிக்க இடம் வரும். நான் வீட்டுப்பாடத்தை இழுத்துக்கொண்டிருந்தால் மாமா தலையணையைக் கக்கத்தில் வைத்தபடி எனக்குப் பின்னால் வந்து நிற்பார். இப்படி இருந்த காலத்தில்தான் அப்பா நகரத்துக்கு வெளியே செவ்ரானில் ஒரு சின்னக் காணித் துண்டு வாங்கி, எங்கள் வீட்டை நாங்களே கட்டப்போகிறோம் என்று சொன்னார்.

அப்பா லாச்சப்பலில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். கட்டட வேலை அவருக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். ஊரில் மேசன் வேலை பழகியவர், இங்கேயும் அதே வேலைதான். மெரியில், அதாவது நகரசபையில், அனுமதி கிடைத்ததும் காணி வாசலில் ஒரு பலகை நட்டார்கள். அதில் அப்பாவின் முழுப்பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு முன்பு எங்கள் பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டிய சின்னத் துண்டில் மட்டுமே கண்டிருக்கிறேன். அப்பா அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ இருந்தது. அதை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை. காலையில் கார் து நோர் நிலையத்துக்கு நடந்துபோய் ரயில் ஏறுவோம். அம்மாவின் கையில் சோற்றுச் சட்டி, என் கையில் தண்ணீர்க் கலன். அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் முறை வைத்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரச் சத்தம் கூடாது என்பதால் சீமெந்தைக் கையாலேயே குழைத்தோம். மாமா பாடிக்கொண்டே குழைப்பார். பாட்டு நின்றால் கலவை இறுகிவிடும் என்பது அவருடைய கொள்கை.

அப்பா முதல் நாள் கரண்டியில் கிள்ளிக் கிள்ளிச் சாந்து எடுத்து வைத்தார். மாமா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அத்தான், உது கறிக்கு உப்புப் போடுற கரண்டி இல்லை. அள்ளிப் போடுங்கோ" என்றார். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் மூன்றாம் ஞாயிறு அப்பா வைத்த வரிசையில் மாமா நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு கல்லும் விலகி இருக்கவில்லை. மாமா ஒன்றும் பேசாமல் நூலைச் சுருட்டினார். மாமா பேசாமல் இருந்தால் அது பெரிய பாராட்டு. அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது அப்பா கையில் சீமெந்துப் பொருக்குக் காய்ந்திருந்ததைக் கழுவாமலே வந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நானும் என் கையில் கொஞ்சம் பூசிக்கொண்டேன்.

புரட்டாதி வந்தபோது சுவர்கள் எழும்பிக் கூரையும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் மார்க்ஸ் டோர்மோய் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. அவர் வீட்டை விற்கப் போகிறார், புது வருசத்துக்குள் நாங்கள் எழும்பிப் போக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதிலும் ஒரு சிக்கல். மார்கழி பிறந்துவிட்டால் புது வீட்டில் குடிபூரக் கூடாது. அதனால் கார்த்திகைக்குள் வீடு குடியிருக்கத் தக்கதாக ஆக வேண்டும். வெளிப்பூச்சுத்தான் மிச்சம். மூன்று பக்கம் எங்கள் காணிக்குள் நின்றே பூசலாம். மேற்குச் சுவர் மட்டும் எல்லையிலேயே எழும்பியது. அதைப் பூச வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரின் வளவுக்குள் ஏணி வைத்தாக வேண்டும். இங்கே மழை மேற்கிலிருந்துதான் அடிக்கும். பூசாத சீமெந்துக் கல்லு தண்ணீரைக் குடிக்கும், பிறகு உறைபனி வந்தால் வெடிக்கும். எல்லா வேலையும் அந்த ஒரு சுவரில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். முசியே என்போம். அவருக்கு மனைவி உண்டு என்று கேள்வி, நாங்கள் கண்டதில்லை. அப்பா இரண்டு தரம் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். இரண்டு தரமும் அவர் பார்ப்போம் என்றார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆனால் பார்ப்பதை மட்டும் விடவில்லை. நாங்கள் வேலை செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலிக்கு வருவார். ஒவ்வொருவராக எங்களைப் பார்ப்பார், வீட்டைப் பார்ப்பார், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், உள்ளே போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

எங்கள் ஊரில் ஒரு முழம் வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசிக் கோட்டுக்கு ஏறியவர்கள் இருக்கிறார்கள். மாமா அந்த ஊரின் பிள்ளை.

"வேலிக்கரையிலை நிண்டு பாக்கிறவன் சும்மா பாக்க மாட்டான். உவர் அளக்கிறார்" என்றார் மாமா.

"அளக்கட்டுமன். நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வேறு பயம். "சுவர் மாடி உயரத்துக்குப் போன நாள் துடங்கித்தான் உந்தப் பார்வை. அதுக்கு முதல் அந்த மனுசன் எட்டியும் பாக்கேல்லை. கண்ணூறு பொல்லாதது, தம்பி."

அம்மா அதோடு விட்டிருப்பாள். மாமா விடவில்லை. அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே செவ்ரானுக்குப் போனார். அப்பா வேலையில் நின்றார், அவருக்குத் தெரியாது. ஊரில் வீடு கட்டும்போது கண்ணூறு படாமல் இருக்க வெருளி கட்டுவார்கள். பழைய உடுப்புக்குள் வைக்கோல் அடைத்து மனிதனைப் போலச் செய்து, கட்டுகிற வீட்டின் முகப்பில் தூக்கி விடுவார்கள். பார்க்கிறவனின் கண் முதலில் அதில் போய் விழுந்து, வீடு தப்பிவிடும். செவ்ரானில் வைக்கோலுக்கு எங்கே போவது? உதிர்ந்த இலையை அள்ளி அடைத்தோம். அப்பாவின் பழைய வெள்ளைச் சமையல் சட்டை, கட்டம் போட்ட கால்சட்டை. அப்பா அவற்றைத்தான் சீமெந்து வேலைக்கும் போடுவார். தலைக்கு ஒரு தலையணை உறை. முகம் வரைகிற வேலையை மாமா என்னிடம் தந்தார்.

நான் கரித்துண்டால் கண் வைத்தேன், மூக்கு வைத்தேன். பிறகு நல்ல தடித்த மீசை ஒன்று வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மீசை அப்பாவின் மீசை. மாமா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் அத்தான்!" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பொழுதுபடுகிற நேரம் முன்பக்க மேல்ஜன்னல் ஓட்டையில் பலகை ஒன்றை நீட்டி, கழுத்தில் கயிறு போட்டு, முசியே வீட்டுப் பக்கம் முகம் பார்க்கும்படி தொங்கவிட்டு ரயிலைப் பிடித்தோம்.

ஞாயிறு காலை செவ்ரானில் பத்தடிக்கு அப்பால் தெரியாத பனிப்புகார். எங்கள் தெரு முனையில் திரும்பியதும் புகாருக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. எங்கள் வாசலில் பொம்பியேயின் வண்டி, தீயணைப்புக்காரர் நாலு பேர். அம்மா சோற்றுச் சட்டியை நடுத் தெருவில் வைத்துவிட்டு ஓடினாள். உள்ளே, அடுக்கி வைத்த கல்லின்மேல் முசியே இருந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் காலடியில் வெருளி வயிறு பிரிந்து, இலை கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய நீள ஏணி.

நடந்தது இதுதான். காலையில் அவர் வழக்கம்போல வேலிக்கு வந்திருக்கிறார். புகாருக்குள் அப்பாவின் சட்டையும் மீசையும் கயிற்றில் ஆடுவதைக் கண்டிருக்கிறார். மனைவியைக் கூப்பிட்டு பொம்பியேக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நிற்காமல், அந்த வயதில், ஏணியை வேலிக்கு மேலால் இழுத்துச் சுமந்து வந்து ஏறி, செடி வெட்டும் கத்தரியால் கயிற்றை அறுத்திருக்கிறார். காப்பாற்றுகிற அவசரத்தில் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கிறார். பாரமே இல்லாத ஒன்றை அணைத்ததால் நிலை தவறி, வெருளியோடு சேர்ந்து கீழே விழுந்திருக்கிறார்.

அப்பாவைக் கண்டதும் முசியே எழும்பினார். வந்து அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்தார். கட்டுப்போட்ட கையாலேயே பிடித்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினார். அவ்வளவு வேகமான பிரெஞ்சு எனக்கே விளங்கவில்லை.

பொம்பியேக்களின் தலைவர் குனிந்து என்னிடம் இது என்ன என்று கேட்டார். மாமா பின்னாலிருந்து தமிழில் குசுகுசுத்தார்: "காகத்துக்கு எண்டு சொல்லடா."

நான் காகத்துக்கு என்றேன். அவர் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். சீமெந்துக் கல்லைக் கொத்துகிற காகத்தை அவர் கேள்விப்பட்டதில்லைப் போலும். தலையை ஆட்டிவிட்டு, இனி இப்படி வைக்க வேண்டாம் என்று சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முசியே போகவில்லை. மறுபடி கல்லின்மேல் அமர்ந்து, என் உயரத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு, உண்மையில் இது யாருக்காக என்று மெதுவாகக் கேட்டார். மாமா கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் வீட்டுப்பாடத்தில் எத்தனையோ பொய் சொன்னவன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

உங்களுக்காக என்றேன். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறீர்கள், பார்த்தால் வீட்டுக்குக் கூடாது என்றேன்.

"என்னடா சொன்னனி?" என்று அப்பா கேட்டார்.

"உண்மையைச் சொன்னனான்."

மாமா தலையில் கை வைத்தார். "முடிஞ்சுது. இனி அந்தச் சுவரை அவர் செத்தாலும் பூச விடார்."

அப்பா கீழே கிடந்த தன் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாத ஞாயிறு அந்த இலைக் குவியலுக்குள் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் மீசை வைத்தது நான்.

முசியே கோபிக்கவில்லை. எழும்பி, அப்பாவையும் என்னையும் தன்னோடு வரும்படி கை காட்டினார். வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் மாடியில் ஓர் அறைக் கதவைத் திறந்தார். ஜன்னலோரம் கட்டிலில் அவருடைய மனைவி சாய்ந்திருந்தார். கால் நடக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு லைற் எரிந்தது. பதினொரு மணிப் பகலில் லைற்! வெளியே புகார் விலகி வெயில் வந்துவிட்டிருந்தது. எங்கள் அம்மா கண்டால் ஓடிப்போய் லைற்றை அணைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மடாம் என்னைக் கண்டதும் சிரித்தார். நீதானே தண்ணீர் சுமக்கிற பெடியன் என்றார். பாடுகிறவர் வரவில்லையா என்றார். வேலை தொடங்கிய காலத்தில் அவர் கட்டிலில் இருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுவர் ஜன்னலுக்கு மேலே எழும்பியதும் எங்களைக் காண முடியாமல் போய்விட்டது. அதன் பிறகு முசியே வேலிக்கு வந்து பார்த்து, மறந்துவிடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய், இன்றைக்கு என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அவருக்குச் சொல்லுவாராம்.

அந்த ஜன்னலால் பார்த்தேன். எங்கள் சுவர்தான் தெரிந்தது. மேலும் கீழும் சாம்பல் நிறக் கல்லு, வரிசை வரிசையாக. எனக்கு எவ்வளவு சந்தோசம்! மடாமுக்குப் பெருமையாகச் சொன்னேன்: பாருங்கள், எங்கள் வீடு எவ்வளவு உயரம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் வீடுதான்!

மடாம் சுவரைப் பார்த்தார். பிறகு, ஓம், மிகவும் நேரான சுவர் என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கடை சுவர் நல்ல நேராக் கிடக்காம்" என்றேன்.

அப்பா சுவரைப் பார்க்கவில்லை. லைற்றைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "தம்பி, முந்தி இந்த ஜன்னலாலை வெயில் வாறதோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். முசியேயும் மடாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கொஞ்சம் என்றார் மடாம். கொஞ்சமாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம்தானே, பெரிய நட்டமில்லை என்று நான் அந்தக் கதையை அதோடு முடித்துக்கொண்டேன். அப்பா மட்டும் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

கீழே வந்ததும் முசியே எங்கள் சுவரோரம் வைத்திருந்த பூச்சாடிகளை நல்ல கையால் ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார். அப்பா ஓடிப்போய்க் கைகொடுத்தார். இடம் வெளித்ததும் முசியே ஏணியைக் காட்டி, அதை இங்கே வையுங்கள், உங்கள் ஏணி எட்டாது என்றார்.

இரண்டு ஞாயிற்றில் அந்தச் சுவரைப் பூசி முடித்தோம். முசியேக்குக் கை சரியில்லாததால் கதிரை போட்டு இருந்துகொண்டு, சாந்து பிடிக்காத இடங்களை விரலால் காட்டினார். "உவர் இப்ப எங்களுக்கு ஓவசியர்" என்று மாமா புறுபுறுத்தார். மேலே ஜன்னல் திறந்திருந்தது. அந்தக் குளிரிலும் மடாம் போர்வையோடு இருந்து மாமாவின் பாட்டைக் கேட்டார். அது தெரிந்ததும் மாமா தன் தொண்டைக்கு மேலான பாட்டுகளை எல்லாம் எடுத்தார்.

கார்த்திகையில் நாலைந்து நாள் மழையில்லாமல் காய்ந்தது. அப்பா வெள்ளைப் பெயின்ற் வாங்கி வந்தார். இருந்ததில் நல்ல வெள்ளை. வாசல் பக்கத்துக்குத்தான் என்று நினைத்தேன். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு நேரே முசியேயின் வளவுக்குள் போனார்.

"அத்தான், லாச்சப்பல் சனம் முழுக்கக் குடிபூரலுக்கு வரப்போகுது. முகப்பை விட்டிட்டு ஆரும் பாக்காத பக்கத்துக்கு அடிக்கிறியளே!" என்றார் மாமா.

"பாக்கிற ஆள் இருக்கு, மச்சான்" என்றார் அப்பா. பிறகு, முதல் நாள் சாந்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்ததைப் போலில்லாமல், தூரிகையைத் தாராளமாகத் தோய்த்தார். இரண்டு பூச்சு அடித்தார். மூன்றாவதும் அடித்தார். முகப்புக்கு மிஞ்சவில்லை.

வாசல் பலகையிலிருந்த பொடி எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களுக்காக மேல்மாடியில் இன்னோர் அறை கட்டியபோது நானும் அப்படி ஒரு பலகை நட்டேன். அப்போதுதான் முதல்முறையாக அதை வாசித்தேன். பலகை நட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பக்கத்து வீட்டார் எழுதி முறையிடலாம் என்று அதில் இருக்கிறது. முசியே எழுதவில்லை. ரயில்வேயில் வாழ்க்கை முழுக்க அறிவித்தல் வாசித்த மனிதர், அதை வாசிக்காமலா இருந்திருப்பார்?

மார்கழிக்கு நாலு நாள் இருக்கக் குடிபூரினோம். அம்மா புது அடுப்பில் பால் பொங்க வைத்தாள். லாச்சப்பலில் இருந்து வந்த சனம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகப்பை அண்ணாந்து பார்த்தது. அப்பாவின் முதலாளியின் மகன், என் வயதுதான், எல்லோருக்கும் கேட்க, "உங்கடை வீடு இன்னும் உடுப்புப் போடேல்லையோ?" என்றான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வெள்ளைப் பக்கத்தைக் காட்டுவதற்காக அவனை மேற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வளவுக்குள் நின்று எந்த மூலையால் எட்டினாலும் அது தெரியவில்லை.

பின்னேரம் அம்மா பாற்சோற்றைத் தட்டில் வைத்து மூடி, முசியே வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். மாடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மடாம் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் மடியில் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. நான் திரும்பி ஓடி வந்தேன். அப்பா வாசலில் நின்று ஆட்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். புது வேட்டி, புதுச் சால்வை, நகக் கண்ணில் மட்டும் கழுவியும் போகாத வெள்ளை. அவருடைய கையைப் பிடித்து இழுத்து, முக்கியமான செய்தியைச் சொன்னேன்.

"அப்பா, மடாம் வீட்டு லைற் பழுதாப் போச்சுப் போலை. இண்டைக்கு எரியேல்லை."

அப்பா என்னைப் பார்த்தார். தன் நகத்தைப் பார்த்தார். பிறகு வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பெடியனைத் தோளில் தூக்குவார்களா? அதுவும் முதலாளியின் மகனுக்கு முன்னால்.

ஒரு பல்ப் வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடும் விசயத்துக்கு அப்பா ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.